வரி கட்டச் சொன்ன எம்.எல்.ஏ.வின் வீட்டுக்காரர்

மார்ச் 4, செவ்வாய்

பைப் லோடு வந்தது. முக்கால் இஞ்சில் சில உடைசல். கம்பெனிக்குப் போன் செய்தேன், மாற்றித் தருகிறார்களாம்.

இந்திராணி காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்தாள். வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனிலிருந்து நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். பிறகு கடைக்கு வந்து வீட்டுச் சாவி கேட்டாள். சூலக்கோட்டைச் சட்டமன்ற உறுப்பினருக்குத் தன்னுடைய சாவி எங்கே கிடக்கிறது என்று மட்டும் தெரியாது. நகராட்சி பட்ஜெட்டில் கொசுமருந்துக்கு எவ்வளவு ஒதுக்கி, எவ்வளவு செலவழிக்காமல் விட்டார்கள் என்று கேட்டால் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவாள்.

நேற்று நகராட்சிக் கூட்டத்தில் கடைகளுக்குச் சொத்து வரியை உயர்த்தத் தீர்மானம் வைத்திருக்கிறார்கள். பஜாரில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நான் ஹார்டுவேர் கடைக்காரன், தீர்மானம் போடுகிறவன் இல்லை.

மார்ச் 6, வியாழன்

வணிகர் சங்கக் கூட்டம். நான் துணைத்தலைவர் என்பதால் முன்வரிசை நாற்காலி. இன்று பின்வரிசையில் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் தங்கமாரியப்பன் மளிகை மொத்த வியாபாரி. நானும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். எடுத்த எடுப்பில் என்னிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, வரியக் கூட்டுங்கன்னு எம்.எல்.ஏ. அம்மாதான் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தாகளாமே?"

"எழுதிக் கொடுக்கல. போன மாசக் கூட்டத்துல பேசினா."

"அது இன்னும் மோசம்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார்: "மூணு வருசத்துக்கு முன்னாடி ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே வரின்னு போட்டப்ப, இதே அம்மாதான் சட்டசபையில சண்டை போட்டுச் சின்ன வீட்டுக்குப் பாதியாக்குனாக. நாமதான் மாலை போட்டோம். நான் இல்லேங்கல. ஆனா இப்ப நம்ம வயித்துல அடிக்கிறாகளே."

வரியை உயர்த்தினால் ஒருநாள் கடையடைப்பு என்று பேச்சு. நான் வீட்டில் பேசிப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அவள் களைத்துப் போயிருந்தாள். அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நகராட்சி மகப்பேறு மனையில் குழாய்கள் ஒழுகுகின்றன என்று சொல்லியிருந்தார்கள். சாமான்களை நானே எடுத்துப் போனேன். இந்திராணியும் கூட வந்தாள்.

கீழ்த்தளத்தில் கட்டில்கள் எல்லாம் நிறைந்து, தரையில் பாய் போட்டு ஒரு பெண் கைப்பிள்ளையோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். இந்திராணி குனிந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மேல வாங்க," என்றாள் என்னிடம்.

மாடி பளபளவென்று இருக்கிறது. முந்தைய எம்.எல்.ஏ. காலத்தில் கட்டித் திறப்புவிழா நடத்தியது. கல்வெட்டில் பதினாறு பேர் பெயர். உள்ளே கட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக நிற்கின்றன. புதுக் கடை வாசனை. அறுவைச் சிகிச்சை அறை விளக்கில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது.

செவிலியர் ஜெபமணி மாடிக்குச் சாவி கொண்டுவந்தவர். "ராத்திரி நான் ஒருத்திதாம்மா. சிக்கல்னா மதுரைக்கு அனுப்பிடுவோம். போன மாசம் ராசாத்தின்னு ஒரு புள்ள வழியிலயே போயிருச்சு. மேல திறந்தா யாரு பார்க்கிறது?" என்றார்.

விஷயம் இதுதான். செவிலியர், மருத்துவர் சம்பளத்தில் பாதியைக் கொடுக்க அரசாங்கம் ஒத்துக்கொண்டுவிட்டது. அதற்கு இந்திராணி இரண்டு வருடம் நடையாய் நடந்தாள். மறுபாதியை நகராட்சி தன் வருமானத்திலிருந்து வருடா வருடம் கொடுக்க வேண்டும். நகராட்சியிடம் இல்லை. அதற்குத்தான் கடை வரி.

எந்தத் திறப்புவிழாவுக்குக் கூப்பிட்டாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கட்டிருவீங்க. அடுத்த வருசம் யாரு நடத்துறது, சம்பளம் எங்கருந்து?" அதனாலேயே அவளைத் திறப்புவிழாவுக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது சங்கத்தில் சொன்னதைப் பற்றிப் பேசலாம் என்று இருந்தேன். பேச்சு குழாயில் ஆரம்பித்துக் குழாயிலேயே முடிந்தது.

மார்ச் 12, புதன்

சங்க மண்டபத்தில் இந்திராணி வியாபாரிகளைச் சந்தித்தாள். யாரும் அழைக்கவில்லை. தானே நேரம் கேட்டு வந்தாள். கட்சிக்காரர் ஒருவரும் கூட வரவில்லை. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கேதான் காற்று வரும்.

தங்கமாரியப்பன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "அரசாங்கத்துல பணமா இல்ல? ஊருக்கு ஊரு நுழைவாயில் கட்டுறாக. அதை நிறுத்திட்டு நர்சு போடலாமே."

"நம்ம ஊர் நுழைவாயிலுக்கும் என் தொகுதி நிதியிலதான் கேட்டாங்க," என்றாள். "நான் கொடுக்கல. மேல இருந்து திட்டு வாங்கினேன். நீங்க கை தட்டுனீங்க. வீண் செலவு வேண்டாம்னு சொல்றவளுக்கு, வேண்டிய செலவுக்குக் கையேந்த உரிமை உண்டா இல்லையா?"

அவளே தொடர்ந்தாள்.

"புள்ளத்தாச்சி உங்க வீட்லயும் இருக்கும், என் வீட்லயும் இருக்கும். நமக்கு ஒண்ணுன்னா கார் எடுத்து மதுரைக்குப் போயிருவோம். உங்க கடையில மூட்டை தூக்குறவர் வீட்டுப் பொண்ணு எங்க போவா? அவரு உழைப்புல நாம சம்பாதிக்கிறோம். அதுலருந்து கொஞ்சம் கேக்குறேன். சும்மா கேக்கல. அந்தப் பணம் வேற எதுக்கும் போகக் கூடாதுன்னு மாசாமாசம் நகராட்சி வாசல்ல கணக்கை ஒட்டச் சொல்றேன், ஒட்டலேன்னா என் வீட்டுக்கு வந்து கேளுங்க."

"வீட்டுக்காரர் கட்டுவாரா?" என்று ஒரு குரல்.

"அவரும் இங்கதான் இருக்காரு. அவருகிட்டயே கேட்டுக்குங்க."

தூண் போதவில்லை. எழுந்து, "நான் பாக்கி வச்சதில்ல," என்றேன். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பிறகு முறுக்குக் கடை வைத்திருக்கிற சீனியம்மாள் எழுந்தார். "தாயி, என் கடை நாலு பேரு நிக்க முடியாது. எனக்கும் ஜவுளிக்கடைக்கும் ஒரே ஏத்தமா?"

இந்திராணி அவர் பக்கம் திரும்பினாள். "இல்லம்மா. அது தப்பு. நான் அதைக் கவனிக்காம விட்டுட்டேன். மாத்தச் சொல்றேன்."

பக்கத்தில் இருந்தவர், "அம்மா சறுக்கிட்டாக," என்று என் காதில் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் நின்று தப்பு என்று சொன்ன எம்.எல்.ஏ.வை நான் இதுவரை பார்த்ததில்லை.

மார்ச் 15, சனி

வியாபாரம் மந்தம். வெயில்.

மார்ச் 19, புதன்

கட்சியின் மாவட்டச் செயலாளர் கலைவேந்தன் வீட்டுக்கு வந்தார். இந்திராணியை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, தேர்தல் அடுத்த வருசம். வரியக் கூட்டிட்டு எந்த மூஞ்சியோட ஓட்டுக் கேக்குறது? வர்ற இருபத்தேழாம் தேதி மானியக் கோரிக்கையில அமைச்சர் இந்தக் கடை வரி உயர்வை மாநிலம் பூரா நிறுத்தி வைக்கிறதா அறிவிக்கப் போறாரு. உங்களுக்கு அஞ்சு நிமிசம் ஒதுக்கியிருக்கு. எந்திரிச்சு நன்றி சொல்லிட்டு உக்காந்துருங்க."

"நன்றி சொல்றேன், தம்பி. எதுக்கு நன்றிங்கிறதை நான் முடிவு பண்ணிக்கிறேன்."

அவர் சிரித்தார், ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

கார் வரை நான் போனேன். புதுப் பேருந்து நிலையம் வரப் போகிறதாம். பைப், கம்பி, சிமென்ட் எல்லாம் என்ன விலை என்று விசாரித்தார். உள்ளூர்க் கடையிலேயே எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். "அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க, அண்ணே," என்றார். நல்ல மனிதர். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

கடையில் ஆள் வரத்து இல்லை. சும்மா இருக்க வேண்டாமென்று பேருந்து நிலையம் அளவுக்கு ஒரு விலைப் புள்ளி போட்டுப் பார்த்தேன். பழக்கம்தான். பெரிய தொகையாக வந்தது. சாப்பாட்டுக்குப் போகும்போது அதைக் கிழித்துப் போட்டேன்.

சாப்பிடும்போது இந்திராணி, "என்ன யோசனை?" என்றாள். வெயில் அதிகம் என்றேன்.

மார்ச் 22, சனி

வழக்கமாக எங்களிடம் எடுக்கும் இரண்டு ஒப்பந்தக்காரர்கள் இந்த வாரம் வரவில்லை. வேலை இல்லாமல் இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

வியாழக்கிழமை கடையடைப்பு என்று சங்கத்தில் முடிவு. நகராட்சி முன்னால் கண்டனக் கூட்டம். நோட்டீஸில் துணைத்தலைவர் என்று என் பெயரும் அச்சாகியிருக்கிறது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் சென்னைக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மேஜையில் அதே நோட்டீஸ் கிடந்தது.

"நம்ம கடை அன்னைக்குத் திறந்திருக்கும்," என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ இந்தப் பக்கம் நிக்கும்போது நான் எப்படி மூடுறது?"

புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்காகத் திறக்காதீங்க. பொண்டாட்டிக்காகத் திறந்தான்னுதான் பேசுவாங்க. அப்புறம் நான் சொன்னதுல நியாயம் இருக்கா இல்லையான்னு ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. நீங்க சங்கத்துல முப்பது வருசமா இருக்கீங்க. வரி தப்புன்னு உங்களுக்குப் பட்டா மூடுங்க. அது உங்க உரிமை. எனக்கு வருத்தமில்ல."

"வருத்தமில்லையா?"

"கொஞ்சம் இருக்கும். அதுக்காக நீங்க நெனைக்கிறத மாத்திக்க வேண்டாம்."

ரயிலேற்றிவிட்டு வந்தேன். கலைவேந்தன் காரடியில் பேசியதைச் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

மார்ச் 27, வியாழன்

கடையடைப்பு முழு வெற்றி. மருந்துக்கடையும் பால் கடையும் தவிர எல்லாம் மூடியிருந்தன. நம் கடையையும் மூடினேன். சங்கம் முடிவெடுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

கண்டனக் கூட்டத்துக்குப் போனேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை பேசினேன். மைக் சரியில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதியம் சட்டமன்றப் பேச்சைப் போனில் பார்த்தேன். இந்திராணிக்கு நீலப் புடவை. முதலில் சின்ன வீட்டு வரியைக் குறைத்ததற்கு நன்றி சொன்னாள். அவள் கட்சி உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். பிறகு சொன்னாள். முடிந்தவரை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, கடை வரியை நிறுத்தி வைப்பதாக அமைச்சர் அறிவிக்க இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். பெட்டிக்கடைக்கும் சின்னக் கடைக்கும் நிறுத்துங்கள், கை கூப்பி வரவேற்கிறேன். பெரிய கடைகளுக்கு நிறுத்தாதீர்கள். என் கணவர் கடையும் அதில் ஒன்று. எங்கள் ஊரில் மகப்பேறு மனை மாடி பூட்டிக் கிடக்கிறது. கட்டடம் கட்ட எல்லாரும் பணம் தருகிறோம், பெயர் வருகிறது. அதில் வேலை பார்க்கிற செவிலியருக்குச் சம்பளம் தர யாரும் இல்லை, அதில் கல்வெட்டு வைக்க முடியாது. வரியை நீக்கினால் நமக்குக் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கைதட்டலுக்கு விலை கொடுப்பது தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற தாய். ஊருக்கு ஊர் நிலைமை வேறு. வேண்டுமென்கிற நகராட்சி வைத்துக்கொள்ளட்டும். அந்த முடிவையாவது அவர்களிடம் விட்டுவிடுங்கள்."

மணி அடித்தார்கள். எதிர்க்கட்சிப் பக்கம் பலமாக மேஜை தட்டினார்கள், அது அவளுக்கு நல்லதில்லை. அவள் பக்கத்தில் இருந்தவர்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீர் குடித்தாள்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் அவளே போன் செய்தாள்.

"நேத்து என்ன பேசினீங்க? ஊரே எனக்குப் போன் பண்ணுது."

"ஒண்ணும் பேசல. ரெண்டு வார்த்தை."

"தங்கமாரியப்பன் அண்ணாச்சி சொன்னாரு. சங்கம் சொன்னதுக்குக் கட்டுப்பட்டுக் கடைய மூடிட்டேன், ஆனா வரி நியாயமான வரி, எல்லாருக்கும் முந்தி நான்தான் கட்டுவேன், என் பொண்டாட்டி சொல்றதுக்காக இல்ல, மாடியில கட்டிலைப் பார்த்தேன், அதுக்காகன்னு பேசினீங்களாமே. கூட்டத்துல கூச்சல் போட்டாங்களாம். துணைத்தலைவர் பதவியையும் வேணாம்னுட்டீங்களாம். மைக்கைப் பிடுங்கினாங்களாமே?"

"மைக் சரியில்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஜலதோஷமா?" என்றேன். ஆமாம் என்றாள்.

சென்னையில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கொறடா கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாராம். "என்னை நிக்க வச்சே பேசினாரு. பரவாயில்ல, அங்க நாற்காலி உக்கார வசதியா இருக்காது," என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

வந்துவிட்டாள். ஸ்டேஷனுக்குக் கட்சிக்காரர் யாரும் வரவில்லை. பெட்டியை நான் தூக்கினேன். ஆட்டோவில் வரும்போது, மகளிரணிப் பொறுப்பையும் மதிப்பீட்டுக் குழு இடத்தையும் எடுத்துவிட்டார்கள் என்றும், அடுத்த தேர்தலில் சீட் கிடையாது என்று கலைவேந்தன் போனில் சொல்லிவிட்டார் என்றும் சொன்னாள். சந்தைவிலை சொல்லுகிற மாதிரி சொன்னாள். அவள் கை என் கைக்கு அடியில் இருந்தது. ஆட்டோ குலுங்கியதால் பிடித்துக்கொண்டேன்.

அமைச்சரின் அறிவிப்பில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: உயர்வு நிறுத்திவைக்கப்படுகிறது, ஆனால் விரும்பும் நகராட்சிகள் தீர்மானம் போட்டுத் தொடரலாம். அந்த ஒரு வரிக்குத்தான் அவள் இவ்வளவும் கொடுத்திருக்கிறாள்.

கார் அருகே கலைவேந்தன் கேட்ட விலை விவரத்தை அப்போதுதான் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "அவரு போகும்போது உங்க முகம் விலைப் பட்டியல் மாதிரி இருந்தது."

"ஏன் கேக்கல?"

"நீங்களே முடிவு பண்ணுவீங்கன்னு இருந்தேன்."

ஏப்ரல் 11, வெள்ளி

நகராட்சியில் வாக்கெடுப்பு. சின்னக் கடைகளுக்கு விலக்கு, பெரிய கடைகளுக்கு உயர்வு, அந்தப் பணம் மகப்பேறு மனைக்கு மட்டும், மாதக் கணக்கு வாசலில் ஒட்டப்படும். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த ஒரு ஓட்டு எதிர்க்கட்சிக் கவுன்சிலருடையது. அவர் கடையும் பெரிய கடைதான். இந்திராணி அவருக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். அவர், "அக்கா, ராசாத்தி எங்க பக்கத்து வீட்டுப் புள்ளதான், மதுரைக்குப் போற வழியில செத்தது," என்றாராம். இவள் அதற்குப் பிறகு வெகுநேரம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். துணி நாலைந்துதான் இருந்தது.

மே 3, சனி

ஒப்பந்தக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு லோடுமேனை நிறுத்த வேண்டியதாயிற்று. இதை எழுதும்போது வெயிலைச் சொல்ல முடியாது, இரண்டு நாளாக மழை.

தங்கமாரியப்பன் வந்தார். நகராட்சி வாசல் கணக்கைப் பற்றிக் கேட்கவா, பழைய கோபமா என்று பார்த்தேன். கடை மராமத்துக்கு வெள்ளைச் சிமென்ட் வாங்க வந்தாராம். அவர் கடைக்குப் பக்கத்துத் தெருவிலேயே வேறு ஹார்டுவேர் கடை இருக்கிறது. "வரியக் கட்டிட்டேன், அண்ணாச்சி," என்றார். "வயித்தெரிச்சலோடதான் கட்டினேன்." அப்படிக் கட்டினாலும் ரசீது ஒன்றுதான் என்றேன். இருவரும் டீ குடித்தோம்.

ஜூன் 12, வியாழன்

மாடி திறந்தாயிற்று. கலைவேந்தன் ரிப்பன் வெட்டினார். நோட்டீஸில் இந்திராணி பெயர் கடைசியில் சின்ன எழுத்தில். போகவேண்டாம் என்றேன். போனாள். ஆனால் மேடையில் ஏறவில்லை. பேச்சு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபிறகு மாடிக்குப் போய், புதிதாக வந்த மூன்று செவிலியர்களிடம் சம்பளம் எந்தத் தேதி வரும், யார் கையெழுத்து என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஜெபமணி என்னிடம், "அம்மா இன்னும் அரைமணி இருந்தா எங்க பி.எப். வரைக்கும் போயிருவாங்க," என்றார்.

எனக்கு இவளோடு கல்யாணமாகி முப்பத்து நாலு வருடம். சத்துணவுக் கூடத்தில் பருப்பு குறைந்தால் மாவட்ட ஆபீஸ் வரை போய் நிற்பாள் என்று தெரியும். பிடிவாதம் என்றுதான் இத்தனை நாள் பெயர் வைத்திருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆள் குறைவு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்திராணி கடையில் உட்காருகிறாள். மக்கள் மனு கொடுக்கவும் அங்கேயே வந்துவிடுகிறார்கள். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் முதியோர் உதவித்தொகை நடக்கிறது.

இன்று புதிதாக வீடு கட்டுகிற ஒருவர் வந்தார், வெளியூர்க்காரர். நிறைய சாமான். எங்களுக்கு இந்த மாதத்தில் வந்த பெரிய வியாபாரம் அதுதான். எல்லாம் எடுத்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "பில் வேண்டாம் அண்ணாச்சி, வரியக் கழிச்சுச் சொல்லுங்க. பக்கத்துக் கடையில தர்றேங்கிறாங்க," என்றார்.

நான் இந்திராணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்காகச் செய்தேன் என்று ஆகியிருக்கும். பில் புத்தகத்தை எடுத்தேன்.

"வேணும்னா என் லாபத்துல கொஞ்சம் குறைச்சுக்கிறேன். பேரு சொல்லுங்க," என்றேன்.

அவர் யோசித்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இந்திராணி ஒரு பாட்டியின் மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: "எழுதிக்கச் சொல்லுங்க, தம்பி. உங்க வீட்ல யாராவது மாசமா இருந்தா, இந்த ஊர்லயே பார்த்துக்கலாம்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்காங்கம்மா," என்றார். "எட்டாம் மாசம்."

பெயரைச் சொன்னார். எழுதினேன்.